ஒரு தேசம் சரிகிறது என்பதை வேதம் எதை வைத்துச் சொல்கிறது?

கேள்வி இது: “ஒரு நாட்டின் ஒழுக்கமும் வாழ்வும் சரிந்துகொண்டிருக்கின்றன என்பதற்கு வேதாகமம் தரும் எச்சரிக்கை அடையாளங்கள் எவை? நிலநடுக்கம், யுத்தம், கொள்ளைநோய், இளைஞர்களின் நடையுடை ஆகியவற்றைத்தான் கூட்டங்களில் சொல்கிறார்கள். வேறு உண்டா? அவற்றை இன்றைய நாடுகளுக்குப் பொருத்தலாமா?”

உண்டு. கூட்டங்களில் சொல்லப்படும் பட்டியல் பெரும்பாலும் மத்தேயு 24ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்படுவது. யுத்தங்களைப் பற்றிக் கேள்விப்படும்போது கலங்காதிருங்கள், முடிவு உடனே வராது என்று அதே அதிகாரத்தில் இயேசு சொல்லியிருப்பதை ஏனோ அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். அது எருசலேம் ஆலயத்தின் அழிவையும் உலகத்தின் முடிவையும் பற்றிய பேச்சு. ஒரு குறிப்பிட்ட நாடு எப்படிச் சரிந்தது, யார் எச்சரித்தார்கள், எதைக் காட்டி எச்சரித்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் வேதத்தில் இரண்டு முழு வரலாறுகள் இருக்கின்றன. ஒன்று, கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் விழுந்த வட இஸ்ரவேல். மற்றொன்று, கி.மு. 586 வாக்கில் பாபிலோனியரிடம் விழுந்த யூதா. தீர்க்கதரிசிகளின் புத்தகங்களில் பெரும்பகுதி இந்த இரண்டு வீழ்ச்சிகளையும் சுற்றியே எழுந்தது. அவர்கள் விரல் நீட்டிக் காட்டிய இடங்களைக் குறித்துக்கொண்டே வாசியுங்கள்: தராசு, நகரவாசலில் கூடிய நீதிமன்றம், நிலம், அடகுத் துணி, பலிபீடம், அரண்மனை. இளைஞர்களின் நடையுடை அந்த வரிசையில் மிகவும் பின்னால்தான் வருகிறது. பெண்களின் அணிகலன்களை ஏசாயா 3ஆம் அதிகாரம் நீளமாகக் கடிந்துகொள்வது உண்மைதான். ஆனால் அதற்குச் சற்று முன்னே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எளியவனிடம் பறித்தது உங்கள் வீடுகளில் இருக்கிறது என்று தலைவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் தீர்க்கதரிசி அந்தச் சீமாட்டிகளிடம் வருகிறார்.

முதலில் வட இஸ்ரவேலை எடுத்துக்கொள்வோம். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே இரண்டாம் யெரொபெயாம் 41 ஆண்டுகள் ஆண்டான். ஆமாத்தின் எல்லை தொடங்கி சமபூமியின் கடல் வரைக்கும் இழந்த பகுதிகளையெல்லாம் மீட்டான் என்று 2 இராஜாக்கள் 14 சொல்கிறது. தமஸ்கு தளர்ந்திருந்தது, அசீரியாவுக்கு அப்போது உள்நாட்டிலேயே ஆயிரம் தொல்லைகள். வியாபாரம் நடந்தது, எல்லை பத்திரமாக இருந்தது, கோயில்கள் நிரம்பி வழிந்தன. இன்றைய செய்தித்தாள் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் பொற்காலம் என்றுதான் தலைப்பிட்டிருக்கும். அந்த நாட்களில்தான் பெத்லகேமுக்குத் தெற்கேயுள்ள தெக்கோவாவிலிருந்து, மந்தை மேய்த்தும் காட்டத்திப் பழம் பொறுக்கியும் பிழைத்த ஆமோஸ் வடக்கே போய், இந்த வீடு விழப்போகிறது என்றார். நிலநடுக்கத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் இதைச் சொன்னதாக அவருடைய புத்தகத்தின் முதல் வசனம் குறிக்கிறது. ஆக, நிலம் அதிர்வதற்கு முன்பே அவர் கையில் அடையாளங்கள் இருந்தன.

அவை என்னென்ன என்று பார்க்குமுன் ஒரு சின்னத் தகவல். 1910இல் சமாரியாவின் அரண்மனைப் பகுதியைத் தோண்டிய ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவுக்கு மையால் எழுதப்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. வாசிக்கும் நிலையில் இருந்தவை 63. கிராமப்புறத்திலிருந்து தலைநகருக்கு அனுப்பப்பட்ட சரக்கின் குறிப்புகள் அவை; இன்ன ஆண்டில், இன்ன ஊரிலிருந்து, இன்னாருக்கு ஒரு ஜாடி பழைய திராட்சரசம், ஒரு ஜாடி சுத்திகரித்த எண்ணெய் என்று போகின்றன. ஏறக்குறைய யெரொபெயாமின் காலத்து எழுத்து. 1930களில் நடந்த அகழாய்வில் அதே குன்றில் தந்தத்தில் செதுக்கிய அலங்காரத் தகடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கட்டில், நாற்காலி போன்றவற்றில் பதித்திருக்கக்கூடியவை. இப்போது ஆமோஸ் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: தந்தக் கட்டில்களில் சவுக்கியமாய்ச் சயனிக்கிறார்கள், பாத்திரங்களில் மதுபானம் குடிக்கிறார்கள், சிறந்த பரிமள தைலங்களைப் பூசிக்கொள்கிறார்கள். மேய்ப்பன் ஒருவன் வயிற்றெரிச்சலில் மிகைப்படுத்திப் பேசினான் என்று தள்ளிவிட முடியாதபடி, மண்ணுக்கடியிலிருந்து சாட்சி வந்திருக்கிறது. அந்தப் பகுதியில் குற்றச்சாட்டு கட்டிலோடும் தைலத்தோடும் நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ‘ஆனாலும் யோசேப்புக்கு நேரிட்ட ஆபத்துக்குக் கவலைப்படாமற்போகிறார்கள்’ என்றுதான் அந்த வரி முடிகிறது; யோசேப்பு என்பது இங்கே வட இஸ்ரவேல் மக்கள். கிராமம் ஜாடி ஜாடியாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கிராமத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மாளிகையில் ஆள் இல்லை.

சோதோமைப் பற்றிக் கூட எசேக்கியேல் 16:49 முதலில் சொல்வது இதைத்தான்: கெர்வம், ஆகாரத்திரட்சி (உணவுச் செழிப்பு), நிர்விசாரமான சாங்கோபாங்கம் (கவலையற்ற சுகவாழ்வு), இவற்றோடு, எளியவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை. அடுத்த வசனத்தில் அருவருப்பானதும் வருகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சோதோம் என்ற பெயரைக் கேட்டதும் நம் பிரசங்கிகள் ஐம்பதாம் வசனத்துக்கு ஒரே தாவாகத் தாவுகிறார்கள். நாற்பத்தொன்பதாம் வசனத்தை விளக்கினால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சங்கடம் என்பது காரணமாக இருக்கலாம்.

இனி தராசு. ஆமோஸ் 8:5 ஒரு வியாபாரியின் மனதுக்குள் நுழைந்து பார்க்கிறது. மாதப்பிறப்பு எப்போது முடியும், ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து மரக்காலைக் குறைத்து, சேக்கல் நிறையை அதிகமாக்கி, கள்ளத்தராசினால் வஞ்சிக்கலாமே என்று அவன் கணக்குப் போடுகிறான். இந்த மோசடி நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அன்று நாணயம் புழக்கத்தில் இல்லை. வாங்குகிறவன் வெள்ளியை நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். தானியம் அளக்கும் மரக்கால் சற்றுச் சிறியது, ஆகவே கொடுக்கும் பொருள் குறைகிறது. வெள்ளிக்கு எதிர்த்தட்டில் வைக்கும் எடைக்கல் சற்றுக் கனமானது, ஆகவே வாங்கும் பணம் கூடுகிறது. போதாததற்குத் தராசின் கோலே கோணல். இவ்வளவும் முடிந்த பிறகு விற்கப்படுவது பதர். ஒரே கொள்முதலில் ஒரு ஏழை நான்கு முறை ஏமாறுகிறான், ஒரு முறைகூட அவனால் நிரூபிக்க முடியாது. ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம். அதில் ஒரு கிராம் கூடினால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? பையில் பெரியதும் சிறியதுமாக இரண்டு வித நிறைகற்களை வைத்திருக்காதே என்று உபாகமம் 25 தனியாகக் கட்டளையிடுவதற்குக் காரணம் இதுதான். தீர்க்கதரிசி இதை முக்கியமான அடையாளமாக எடுத்ததிலும் நியாயம் இருக்கிறது. கொலை என்றாவது ஒருநாள் நடக்கும். தராசு தினமும் பேசுகிறது. எடைக்கல் பொய் சொல்லத் தொடங்கிவிட்ட ஊரில் சத்தியத்தின் மீதான பொதுநம்பிக்கை ஏற்கெனவே செத்துவிட்டது. அந்த வியாபாரி ஓய்வுநாளை மீறவில்லை என்பதையும் பாருங்கள். கடையை ஒழுங்காக மூடுகிறான். ஆராதனைக்குக்கூடப் போயிருப்பான்.

அடகுத் துணி இதைவிடக் கொடியது. ஏழையின் மேலாடையை ஈடாக வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிக் கொடுத்துவிடு, இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறொன்றுமில்லை என்கிறது யாத்திராகமம் 22. ஆமோஸ் 2:8இல் என்ன நடக்கிறதென்றால், எல்லாப் பலிபீடங்களின் அருகிலும் அப்படி அடகாய் வாங்கின வஸ்திரங்களின்மேல்தான் அவர்கள் படுத்துக்கொள்கிறார்கள். பக்தி நடக்கும் இடத்திலேயே பறித்த துணி விரிப்பாகிவிட்டது.

இதற்கும் மண்ணிலிருந்து ஒரு குரல் கிடைத்திருக்கிறது. காலம் ஆமோசுக்குப் பிந்தியது, கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசி. இடமும் தெற்கே, மத்தியதரைக் கடலோரத்தில் மெசாத் ஹஷவியாகு என்று இன்று அழைக்கப்படும் ஒரு சிறு கோட்டை. 1960இல் அங்கே எடுத்த பானை ஓட்டில் ஓர் அறுவடைக் கூலியாள் அதிகாரிக்கு எழுதிய மனு இருக்கிறது. அவனே எழுதினானா, யாரையாவது வைத்து எழுதுவித்தானா தெரியாது. அதன் சாரம் இவ்வளவுதான்: அடியேன் அறுத்து, சேர்த்து, களஞ்சியத்தில் வைத்து முடித்தேன். அதன் பிறகு சோபாயின் மகன் ஓஷயாகு வந்து என் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெயிலில் என்னோடு அறுத்த என் சகோதரர் எல்லாரும் எனக்காகச் சாட்சி சொல்வார்கள். என் துணியைத் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். மேலாடை திரும்பக் கிடைத்ததா என்பது ஓட்டில் இல்லை. தீர்க்கதரிசனப் புத்தகங்களில் ‘எளியவன்’ என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் நான் இந்த ஆளை நினைத்துக்கொள்வேன்.

பலிபீடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆலயத்துக்கு ஆள் வராமல் போவதுதான் வீழ்ச்சியின் அறிகுறி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வட இஸ்ரவேலின் வழிபாட்டுத் தலமான பெத்தேலில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. காலைதோறும் பலி, தவறாமல் தசமபாகம், உற்சாகக் காணிக்கை. ‘பெத்தேலுக்குப் போய்த் துரோகம்பண்ணுங்கள்’ என்று ஆமோஸ் 4ஆம் அதிகாரம் கிண்டலாக அழைக்கிறது. கூடவே, காணிக்கைகளைக் கூறி விளம்பரப்படுத்துங்கள், அதுதானே உங்களுக்குப் பிரியம் என்றும் ஒரு குத்து. நன்கொடையாளர் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று முறை வாசிக்கும் பண்டிகைகளில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. 5ஆம் அதிகாரத்தில், உங்கள் பண்டிகைகளைப் பகைத்து வெறுக்கிறேன், உங்கள் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று கர்த்தரே சொல்கிறார். அதற்கு அடுத்த வரிதான் நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரட்டும் என்பது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் உரையில் எடுத்தாண்டது இந்த வரியைத்தான். அவரும் ஆராதனை நிரம்பிய ஒரு நாட்டைப் பார்த்துத்தான் பேசினார்.

நான்காவது இடம் நகரவாசல். அங்கேதான் மூப்பர்கள் உட்கார்ந்து வழக்கு விசாரிப்பார்கள். ‘ஒலிமுகவாசலிலே கடிந்துகொள்ளுகிறவனை அவர்கள் பகைத்து, யதார்த்தமாய்ப் பேசுகிறவனை வெறுக்கிறார்கள்’ என்கிறது ஆமோஸ் 5:10. பரிதானம், அதாவது லஞ்சம், வாங்குவது பழைய நோய், எல்லா நாட்டிலும் உண்டு. அது முற்றிவிட்டது என்பதற்கு அடையாளம், உண்மை பேசுகிறவன் மீது ஊருக்கே எரிச்சல் வருவது. மூன்று வசனம் தள்ளி, புத்திமான் அந்தக் காலத்திலே மௌனமாயிருப்பான், அது தீமையான காலம் என்று வருகிறது. என் பார்வையில் முழுப் புத்தகத்திலும் பயங்கரமான வரி அது. கெட்டவன் சத்தம் போடுவதை எந்த நாடும் தாங்கிக்கொள்ளும். விவரம் தெரிந்தவன் வாயை மூடிக்கொள்வதுதான் சமர்த்து என்று ஆகும்போது, திருத்தம் வரக்கூடிய வழி அடைபட்டுப்போகிறது. ஆமோசுக்கு நடந்ததும் அதுதான். பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா அரசனுக்கு ஆள் அனுப்புகிறான்: இவன் உமக்கு விரோதமாகக் கட்டுப்பாடு (சதி) பண்ணுகிறான், இவன் வார்த்தைகளையெல்லாம் தேசம் சகிக்கமாட்டாது. பிறகு ஆமோசிடம், யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே அப்பம் தின்று தீர்க்கதரிசனம் சொல், பெத்தேலிலே இனிச் சொல்லாதே, அது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம் என்கிறான். பரிசுத்த ஸ்தலம் ராஜாவுடையது என்று ஓர் ஆசாரியனே வாய்தவறாமல் சொல்லிவிடுகிறான் பாருங்கள். அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

காம ஒழுக்கத்தைத் தீர்க்கதரிசிகள் விட்டுவிட்டார்களா என்றால், இல்லை. ஓசியாவும் எரேமியாவும் விபசாரத்தை வெளிப்படையாகக் கண்டிக்கிறார்கள். ஆமோஸ் 2:7இல் தகப்பனும் மகனும் ஒரே பெண்ணிடத்தில் போகிறார்கள். ஆனால் அந்த வசனம் எதற்கு நடுவில் இருக்கிறது? நீதிமானைப் பணத்துக்கும் எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றதற்கும், அடகுத் துணியின்மேல் படுத்ததற்கும் நடுவில். அந்த வீட்டில் மறுக்க வழியில்லாத ஒரு பெண்ணாகத்தான் அவள் இருந்திருப்பாள். படுக்கையறைப் பாவத்தையும் பணப்பெட்டிப் பாவத்தையும் நாம் வேறு வேறு பிரசங்கங்களாக்கிக்கொண்டோம். ஆமோசுக்கு அவை ஒரே மூச்சில் வந்தன.

யெரொபெயாம் இறந்ததும் அரண்மனை ஆட்டம் கண்டது. அவன் மகன் சகரியா ஆண்டது ஆறு மாதம். சல்லூம் அவனைக் கொன்றான். சல்லூமுக்குக் கிடைத்தது ஒரு மாதம். மெனாகேம் அவனைக் கொன்றான். மெனாகேமின் மகன் பெக்காகியாவை அவனுடைய சேனாபதி பெக்கா கொன்றான். பெக்காவை ஓசெயா கொன்றான். ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குள் ஆறு அரசர்கள். அவர்களில் நால்வர் கொல்லப்பட்டார்கள், ஒவ்வொரு முறையும் கொன்றவனே அடுத்து அரியணை ஏறினான். இதன் நடுவே அசீரிய அரசன் பூல், அதாவது மூன்றாம் திகிலாத்பிலேசர், படையோடு வர, மெனாகேம் 1000 தாலந்து வெள்ளி கொடுத்து அவனைத் திருப்பி அனுப்பினான். பலத்த ஐசுவரியவான்களிடம் தலைக்கு 50 சேக்கல் வசூல். ஒரு தாலந்து 3000 சேக்கல் என்று வைத்தால் அறுபதாயிரம் பேரிடம் தண்டியிருக்க வேண்டும். சமாரியாவின் மெனாகேம் கப்பம் கட்டியது அசீரியக் கல்வெட்டுகளிலும் பதிவாகியிருக்கிறது.

இந்தக் காலத்தை உள்ளேயிருந்து பார்த்தவர் ஓசியா தீர்க்கதரிசி. 7ஆம் அதிகாரத்தில் அவர் தேசத்துக்குப் படம் படமாக வரைந்து காட்டுகிறார். எப்பிராயீம் (வட இஸ்ரவேலுக்கு அவர் வைக்கும் பெயர்) திருப்பிப்போடாத அப்பம்: தோசைக்கல்லின் முன் நின்ற எவருக்கும் இது புரியும், ஒரு பக்கம் கருகல், மறுபக்கம் மாவு. எப்பிராயீம் பேதையான புறா: எகிப்தைக் கூப்பிடுகிறது, அசீரியாவிடம் பறக்கிறது. என்னை உலுக்குவது ஒன்பதாம் வசனம். அந்நியர் அவனுடைய பலத்தைத் தின்கிறார்கள், அவன் அதை அறியான். நரைமயிரும் அவனில் தெளித்திருக்கிறது, அவன் அதை அறியான். அடையாளத்தை எப்படி அறிவது என்று கேட்டீர்கள். அடையாளம் எல்லார் கண்ணிலும் படும், நரைத்தவன் கண்ணில் மட்டும் படாது என்கிறார் ஓசியா. உள்ளே இருக்கிறவனுக்குத் தன் வயது தெரியாது. ஆகவேதான் வெளியூர் மேய்ப்பன் ஒருவன் வந்து சொல்ல வேண்டியிருந்தது. ஆசாரியர்களை நம்பியும் பயனில்லை. ஜனத்தின் பாவம் பெருகப் பெருகப் பலியின் பங்கும் பெருகும், ஆகவே பாவத்தையே தின்று கொழுக்கிறார்கள் என்று 4:8 சொல்கிறது.

கடைசி அரசன் ஓசெயா கப்பத்தை நிறுத்திவிட்டு எகிப்துக்குத் தூது அனுப்பினான். அசீரியாவின் சல்மனாசார் முற்றுகையிட்டான், மூன்று ஆண்டில் சமாரியா விழுந்தது. அவனுக்குப் பின் வந்த சர்கோன் 27,290 பேரைச் சிறைபிடித்ததாகத் தன் கல்வெட்டில் பெருமையடித்திருக்கிறான். ஆமோஸ் பேசியதிலிருந்து இதுவரை ஓர் ஆயுட்காலம்கூட ஆகவில்லை.

யூதாவின் வரலாற்றை முழுவதும் எழுத இடமில்லை. வீட்டோடே வீட்டைச் சேர்த்து வயலோடே வயலைக் கூட்டுகிறவர்களை ஏசாயா 5 கண்டித்தது. ஆகாப் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பறித்த கதையை அறிந்தவர்களுக்கு அது புதிதல்ல. மனாசே எல்லாரிலும் கெட்டவன் என்று பெயரெடுத்தும் 55 ஆண்டுகள் ஆண்டான், தாவீதின் வம்சத்தில் அதுவே நீண்ட ஆட்சி. ஆட்சி நிலையாக இருக்கிறது, ஆகவே ஆசீர்வாதம் இருக்கிறது என்று வாதிடுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ஆனால் ஒரு சம்பவத்தை நின்று பார்க்காமல் போக முடியாது. எரேமியா 34. பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. பயத்தில் சிதேக்கியா அரசனும் பிரபுக்களும் ஓர் உடன்படிக்கை செய்கிறார்கள்: எபிரெய அடிமைகள் எல்லாருக்கும் விடுதலை. அது புதிய சட்டமும் அல்ல, ஏழாம் ஆண்டில் விடுவிக்க வேண்டும் என்பது மோசேயின் காலத்திலிருந்தே இருந்தது; யாரும் மதிக்கவில்லை. இப்போது கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து அதன் நடுவே கடந்துபோய் ஆலயத்திலேயே சத்தியம் செய்கிறார்கள். அடிமைகள் வெளியே போகிறார்கள். அந்த நேரம் பார்த்து எகிப்தின் படை புறப்பட்டதாகச் செய்தி வர, பாபிலோனியர் முற்றுகையை விலக்கிக்கொண்டு போகிறார்கள். நகரம் மூச்சு விடுகிறது. மூச்சு வந்ததும் செய்த முதல் காரியம், விடுவித்த அதே ஆட்களைப் பிடித்துவந்து மறுபடி அடிமையாக்கியதுதான். ஆபத்து நீங்கிய மறுகணம் ஒரு சமுதாயம் என்ன செய்கிறது என்பதைவிடத் தெளிவான பரிசோதனை வேறில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் நாம் ஆலயங்களில் செய்த பொருத்தனைகளையும், அது விலகிய பின் நடந்துகொண்ட விதத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். எரேமியாவின் பதில் சுருக்கமானது: நீங்கள் விடுதலை கூறவில்லை, ஆகவே நான் உங்களைப் பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் ‘விடுதலை’ செய்கிறேன். பாபிலோனியர் திரும்பி வந்தார்கள்.

அதே எரேமியா வேறு இரண்டு அடையாளங்களையும் சொல்கிறார். ஒன்று, சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் சமாதானம் என்று சொல்லிக் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறவர்கள். மற்றொன்று, அருவருப்பானதைச் செய்தும் வெட்கப்படாதது, நாணவும் அறியாதது. பாவம் எல்லாக் காலத்திலும் இருந்தது. அதை ஒளித்துவைக்க வேண்டும் என்ற கூச்சமாவது இருக்கிறவரை சட்டத்துக்குக் கொஞ்சம் பிடிமானம் உண்டு. லஞ்சத்தை மேசைக்கு அடியில் வாங்குகிறவன் சட்டத்தை இன்னும் அங்கீகரிக்கிறான். கூச்சமும் போய்விட்டால் எதைப் பிடித்து ஊரைத் திருத்துவது?

இனி, இன்றைய நாடுகளுக்குப் பொருத்தலாமா என்ற உங்கள் கேள்வி. எச்சரிக்கையோடு பொருத்தலாம். இஸ்ரவேலுக்கும் கர்த்தருக்கும் இருந்தது சீனாய் உடன்படிக்கை. எந்த நவீன நாட்டுக்கும் அது கிடையாது. என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி ஜெபம்பண்ணினால் அவர்கள் தேசத்தைக் குணமாக்குவேன் என்ற 2 நாளாகமம் 7:14ஐப் பதாகையில் எழுதி ஏதோ ஒரு நாட்டின் பெயரை இட்டு நிரப்புவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது சாலொமோனின் ஆலயப் பிரதிஷ்டையின்போது இஸ்ரவேலுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் ஆமோசின் முதல் இரண்டு அதிகாரங்களில் தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் ஆகியவை விசாரிக்கப்படுகின்றன. அவர்களிடம் நியாயப்பிரமாணம் இல்லை, ஓய்வுநாள் இல்லை. சிறைப்பட்ட மக்களைக் கூட்டங்கூட்டமாக விற்றது, சகோதர உடன்படிக்கையை மறந்தது, கர்ப்பஸ்திரீகளைக் கீறியது, ஒரு ராஜாவின் எலும்புகளைச் சுட்டெரித்தது என்று, மனிதனாகப் பிறந்த எவனுக்கும் தெரிந்திருக்க வேண்டியவற்றுக்காகவே தண்டனை. வேறு நாடுகளை வேதத்தின் அளவுகோலால் பார்க்க வேண்டுமானால் இந்த அளவுகோல்தான் உரியது.

அந்த இரண்டு அதிகாரங்களிலும் ஒரு பொறி இருக்கிறது. பக்கத்து நாடுகளை ஒவ்வொன்றாகச் சாடும்போது பெத்தேலின் கூட்டம் தலையாட்டியிருக்கும். யூதாவைச் சொன்னபோது உற்சாகம் இன்னும் கூடியிருக்கும். எட்டாவதாக அவர்களுடைய பெயரே வருகிறது, அதற்குத்தான் நீளமான குற்றப்பத்திரிகை. அடையாளம் காட்டுகிறேன் என்று புறப்படும் பிரசங்கம் கடைசிவரை அடுத்த மதத்தையும் அடுத்த கட்சியையும் அடுத்த தலைமுறையையும் சுற்றிக்கொண்டே இருந்தால், அது ஏழு நாடுகளோடு நின்றுவிட்ட ஆமோஸ். சபைச் சொத்துக்காக நீதிமன்றப் படியேறும் வழக்குகளையும் சபைத் தேர்தலுக்குச் செலவாகும் பணத்தையும் வைத்துக்கொண்டு நாட்டின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்று மற்றவர்கள் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

பேரிடர்களைப் பற்றியும் ஒன்று. ஆமோஸ் 4இல் பஞ்சம், வறட்சி, வெட்டுக்கிளி எல்லாம் எச்சரிக்கையாகவே வருகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே அவற்றுக்குப் பொருள் சொல்ல அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி இருந்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று கேட்டு, அல்ல என்று இயேசுவே பதிலும் சொல்லிவிட்டார். புயலில் செத்தவன் பாவக்கணக்கைப் பார்க்கும் வேலையை யாரும் நமக்குத் தரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு அப்படிப் பேசியவர்களும் உண்டு. கடற்கரையில் பிணங்கள் கிடக்கையில் அதைச் சொல்ல எப்படி நா எழுந்ததோ.

எச்சரிக்கை வந்தால் வீழ்ச்சி உறுதியா? இல்லை. இதற்கு எரேமியா 26ஐப் பாருங்கள். எருசலேம் அழியும் என்று சொன்னதற்காக அவரைக் கொல்லத் துடிக்கிறது கூட்டம். அப்போது மூப்பர் சிலர் எழுந்து ஒரு நூற்றாண்டு பழைய சங்கதியைச் சொல்கிறார்கள்: எசேக்கியா ராஜாவின் நாளில் மீகாவும், சீயோன் வயலைப்போல் உழப்படும் என்று சொன்னான், ராஜா அவனைக் கொன்றானா? கர்த்தருக்குப் பயந்து கெஞ்சினான், தீங்கு விலகியது. முன்னுதாரணம் காட்டி வாதாடும் வழக்கறிஞர்கள் போல அவர்கள் பேசியதால் எரேமியா பிழைத்தார். அதே நாட்களில் அதே செய்தியைச் சொன்ன உரியா என்ற தீர்க்கதரிசிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எகிப்துவரை துரத்திப் பிடித்துவந்து யோயாக்கீம் வெட்டிப்போட்டான்.

எரேமியாவைக் காத்ததில் சாப்பானின் மகன் அகீக்காமுக்கும் பங்குண்டு. இந்தக் குடும்பத்தைத் தனியே கவனிக்க வேண்டும். சாப்பான் அரசவைச் சம்பிரதி, அதாவது எழுத்தர். ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாணப் புத்தகத்தை யோசியா அரசனுக்கு வாசித்துக் காட்டியவர். அதைக் கேட்டு யோசியா தன் வஸ்திரங்களைக் கிழித்தான். யோசியாவின் மகன் யோயாக்கீமுக்கு எரேமியாவின் சுருளை வாசித்தபோது, குளிர்கால வீட்டில் கணப்பின் முன் உட்கார்ந்தபடி மூன்று நாலு பத்தி ஆனதும் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டான். ஒருவனும் வஸ்திரத்தைக் கிழிக்கவில்லை. ஒரே தலைமுறை இடைவெளி. சுட்டெரிக்க வேண்டாம் என்று அங்கே கெஞ்சிய மூவரில் ஒருவர் கெமரியா, சாப்பானின் இன்னொரு மகன். 1982இல் எருசலேமின் தாவீதின் நகரப் பகுதியில் கிடைத்த களிமண் முத்திரைகளில் ஒன்றில் ‘சாப்பானின் மகன் கெமரியாகு’ என்ற பெயர் இருக்கிறது. நகரத்தை எரித்த தீயில் சுட்டதால்தான் அது இத்தனை காலம் நிலைத்தது. நகரம் விழுந்த பின் மிஞ்சிய ஜனத்துக்கு அதிகாரியாக வைக்கப்பட்ட கெதலியா, அகீக்காமின் மகன். அதே குடும்பத்தவனாகக் கருதப்படும், சாப்பானின் மகன் யசனியா என்ற ஒருவன் ஆலயத்துக்குள்ளேயே விக்கிரகங்களுக்குத் தூபம் காட்டிக்கொண்டு நின்றதை எசேக்கியேல் 8 சொல்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேசத்தைக் காப்பாற்றுவது அரசு அலுவலரான அந்தக் குடும்பத்தின் கையில் இல்லை. ஆனால் ஒரு மனிதனைக் கும்பலிடமிருந்து காப்பதும், அரசன் முகத்துக்கு நேரே ‘எரிக்காதீர்கள்’ என்று சொல்வதும் அவர்கள் கையில் இருந்தன, செய்தார்கள்.

நீங்களே வாசித்துப் பார்க்க விரும்பினால் இந்த வரிசையைச் சொல்வேன். முதலில் ஆமோஸ், ஒரே அமர்வில். ஒன்பது அதிகாரங்கள்தான், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுத்து 2 இராஜாக்கள் 14 முதல் 17 வரை. பிறகு ஓசியா 4, 7. எரேமியாவில் 7, 26, 34, 36, இந்த நான்கும் போதும். மத்தேயு 24ஐக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது ஒரு நோட்டில், தீர்க்கதரிசி குற்றம் சாட்டும் ஒவ்வொரு ஆளும் என்ன தொழில் செய்கிறவன் என்று மட்டும் குறித்து வாருங்கள்.